கோவளம்: கடலோர மண்ணுக்கு விலை வந்த வரலாறு

கோவளம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், முட்டுக்காடு உப்பங்கழி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த மீனவர் ஊர். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. இதே பெயரில் கேரளத்திலும் கன்னியாகுமரி அருகிலும் கடலோர ஊர்கள் உண்டு. சோழமண்டலக் கரையிலுள்ள இந்தக் கோவளத்துக்கு மூன்று நூற்றாண்டு வணிக வரலாறு இருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனி, ஆற்காட்டு நவாப், உப்புக் குத்தகைதாரர், சவுக்குத் தோப்பு போட்டவர், நட்சத்திர விடுதி, மனை வணிகர் என்று காலந்தோறும் யாரோ ஒருவர் இந்தக் கரையில் முதல் போட வந்திருக்கிறார். எல்லாரையும் இழுத்தவை இரண்டு: கடல், சென்னை நகரத்தின் அண்மை. அந்த இரண்டுக்கும் என்ன விலை, அதை யார் பெறுவது என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது.

கரையின் பழைய உரிமை

வெளியூர்ப் பணம் வருவதற்கு முன்பே இந்தக் கரைக்கு ஓர் உரிமை முறை இருந்தது. சோழமண்டலக் கரையின் மீனவர் குப்பங்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும்; வீட்டுக்கும் அலைக்கும் நடுவிலுள்ள மணல்வெளி ஊர்ப்பொது. கட்டுமரத்தை ஏற்றி வைப்பது, வலை உலர்த்துவது, கிழிந்த வலையை முடிவது, கருவாடு காயவைப்பது, மீனை ஏலம் விடுவது எல்லாம் அங்கேதான். கரைவலை இழுக்க இன்னும் கூடுதலான இடம் வேண்டும். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் படகு கடலுக்குள் வளைத்துக் கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளிக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு அணிகள் இருபுறமும் நின்று இழுத்துக்கொண்டே நெருங்கி வரும். நடுவில் ஒரு சுவரோ வேலியோ இருந்தால் இந்தத் தொழில் நடக்காது.

இந்த மணலை யார், எப்போது, எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்தது. ஆனால் அந்த முடிவு வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏறவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை குடியிருப்பு நத்தம், கரை புறம்போக்கு. பட்டா இல்லாத இந்த உரிமை, பின்னால் நடந்த ஒவ்வொரு நில மாற்றத்திலும் கணக்கில் வராமல் போனது.

துறையும் கோட்டையும்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுக வணிகர்கள் கோவளத்துக்கு வந்தார்கள். சென்னையில் ஆங்கிலேயரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும் முன்பே வேரூன்றியிருந்தார்கள். பிந்தி வந்தவர்களுக்கு யாரும் பிடிக்காத ஒரு துறை வேண்டியிருந்தது. உள்நாட்டு நெசவூர்களின் துணி எளிதாக வந்து சேரக்கூடிய கோவளம் அதற்குப் பொருந்தியது. 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆஸ்டெண்ட் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். வங்காளத்தில் பாங்கிபஜாரும் சோழமண்டலத்தில் கோவளமும் அதன் பண்டசாலைகள்.

இந்த முயற்சியை முடித்துவைத்தது கடலுமில்லை, உள்ளூர் அரசும் இல்லை. புதிய போட்டியாளரை இங்கிலாந்தும் ஹாலந்தும் விரும்பவில்லை. அவர்களுடைய நெருக்குதலால் 1727இல் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையோடு கம்பெனியின் வணிகம் முடிவுக்கு வந்தது. பல்லாயிரம் மைல் தொலைவில் போடப்பட்ட ஒரு கையெழுத்து கோவளத்தின் கதியை மாற்றிய முதல் தடவை இது.

அடுத்து வந்தவர் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான். 1740களில் அவர் இங்கே ஒரு கோட்டை கட்டி, துறைக்குச் சாதத் பந்தர் என்று பெயரிட்டார். 1749இல் ஆம்பூர்ப் போரில் அவர் மாண்டதும் நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் வாரிசுச் சண்டையில் இறங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த விதம் பழைய வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. நோயில் சாகக் கிடக்கும் மாலுமிகள் என்று சொல்லித் தங்கள் வீரர்களை உள்ளே அனுப்பினார்கள்; இரவில் அந்த 'நோயாளிகள்' எழுந்து காவலரை மடக்கினார்கள்.

1752இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தின்மேல் படையெடுத்தார். அவரிடம் இருந்தது பெரும்பாலும் பயிற்சியற்ற புதுப் படை. முதல் குண்டில் ஒருவர் விழுந்ததும் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். காவல் நின்ற ஒருவர் கிணற்றுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள் என்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் கோட்டை கிளைவ் வசமானது. கோட்டையை ஆங்கிலேயர் தகர்த்துவிட்டனர். சென்னைக்கு இவ்வளவு அருகில் இன்னொரு துறையோ கோட்டையோ இருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கோவளம் துறைமுக நகரமாகும் வாய்ப்பு அத்தோடு போயிற்று.

ஆலயமும் தர்காவும்

துறை போன பிறகும் கோவளத்துக்கு ஆள் வருவது நிற்கவில்லை. தமீம் அன்சாரி தர்கா சென்னையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் மக்களை ஈர்த்தது. முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் ஜான் டி மான்ட்டி கட்டினார். போர்த்துக்கீசிய வழிவந்த சென்னை வணிகரான இவர், நகரில் பெரிய நிலவுடைமையாளர். 1821இல் இறந்தபோது கோவளம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற சென்னைச் சொத்துகள் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சேர்ந்தன. ஆழ்வார்பேட்டையின் டிமான்ட்டி காலனி அவர் பெயரைத் தாங்கியது. நகரத்தில் நிலம் சேர்த்த ஒரு செல்வர், கோவளத்தில் லாபத்துக்காக எதுவும் எழுப்பாமல் ஆலயம் எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கடலோர நிலத்தை முதலீடாக யாரும் எண்ணவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம். விழாக்களுக்கு வரும் கூட்டத்தை நம்பிய கடைகளும் தங்குமிடங்களுமே பிற்காலச் சுற்றுலாவுக்கு முன்னோடி.

உப்பும் சவுக்கும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கோவளத்தைச் சுற்றிய நிலத்துக்கு வருவாய் தந்தது உப்பு. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. உப்பங்கழியின் தாழ்வான கரைகளில் பாத்தி கட்டி, கழி நீரை ஏற்றி, வெயிலில் காயவைத்து உப்பு வாருவது இங்கே பழைய தொழில். இப்போது விளைந்த உப்பு அரசு நிர்ணயித்த விலைக்கு அரசிடம் போனது. கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் பரந்து கிடக்கும் உப்பளங்கள் அந்தக் காலத்தின் எச்சம். உப்பைச் சென்னைக்குக் கொண்டுபோகக் கழியை ஒட்டிய நீர்வழி உதவியது. பல கட்டங்களாக வெட்டப்பட்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற அந்த நீர்வழி, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டது. உப்பும் விறகும் அதன் முக்கியச் சரக்கு.

விறகைத் தந்தது சவுக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைக்கு இரயில் வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி ஓடியது. இரயில் எஞ்சினுக்கும் பெருகிவந்த நகரத்தின் அடுப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. நெல்லோ கேழ்வரகோ விளையாத கடலோர மணலில் சவுக்கு நன்றாக வளரும். நட்டால் சில ஆண்டுகளில் வெட்டலாம். செங்கல்பட்டு, தென்னாற்காடு மாவட்டக் கடலோரங்களில் தோப்புகள் பரவின. தரிசு என்று கிடந்த மணல்மேடுகள் இதனால் பட்டா நிலங்களாக மாறி, உள்ளூர் விவசாயிகள் கையிலும் வெளியூர் முதலீட்டாளர் கையிலும் சேர்ந்தன. பிற்காலத்தில் பண்ணை வீடுகளும் விடுதிகளும் எழுந்த மனைகளில் பல, ஒரு காலத்தில் சவுக்குத் தோப்புகள்தாம். கடலோர மணலுக்கு எழுத்துபூர்வமான உடைமையாளர் வந்தது விறகுக்காக. அந்த உடைமை அதிக விலை பெற்றது வேறொன்றுக்காக.

விடுதி வந்த காலம்

1970கள் வரை கடலோரக் காட்சிக்கு விலை இருக்கவில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகவே போனார்கள். 1960களின் நடுவில் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் மணல் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தை 1966இல் நிறுவ முடிந்ததே அந்நிலம் அப்போது எவ்வளவு மலிவு என்பதைச் சொல்லும். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் கலைஞர்கள் கடலோரத்தில் மனை வாங்கக்கூடிய காலம் அது.

1974இல் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி கோவளத்தில் திறக்கப்பட்டது. பழைய கோட்டை இருந்த இடத்தையே அது தேர்ந்துகொண்டது. விளம்பரங்களில் இது டச்சுக் கோட்டை என்று குறிப்பிடப்படுவதுண்டு. மாவட்ட விவரச் சுவடிகள் காட்டுவது நவாபின் கோட்டையை. மீனவர் பெயரைத் தாங்கிய அந்த விடுதிதான் கோவளத்தின் முதல் பெரிய வணிகக் கட்டடம். அது விற்றது அறையை மட்டுமல்ல. கடலை நோக்கிய சன்னலையும், நகரத்திலிருந்து ஒரு மணிநேரத் தொலைவையும், ஒதுக்கமான மணலையும். இதன்பின் பக்கத்து ஊர்களிலும் மக்களை ஈர்க்கும் இடங்கள் வரத் தொடங்கின. 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை அமைந்தது. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமும், 1996இல் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் வந்தன.

சாலையும் மனையும்

நில விலையை ஒரேயடியாக மாற்றியது கிழக்குக் கடற்கரைச் சாலை. துண்டு துண்டாக இருந்த கடலோரச் சாலைகள் 1990களில் இணைக்கப்பட்டன. பின்னர் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அக்கரையிலிருந்து புதுச்சேரி வரையிலான பகுதியை மேம்படுத்தி, 2002 முதல் சுங்கச் சாலையாக நடத்தியது. அதே காலத்தில் மேற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்துகொண்டிருந்தன. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. சிறுசேரியில் சிப்காட் பூங்கா வளர்ந்தது. கேளம்பாக்கம்–கோவளம் சாலை இரண்டு நெடுஞ்சாலைகளையும் இணைப்பதால், வார இறுதியில் செலவழிக்கப் பணமும் வண்டியும் உள்ள ஒரு தலைமுறை கோவளத்துக்கு அரைமணிப் பயணத்தில் வந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் நிலம் கைமாறிய விதம் கடலோரம் முழுக்க ஒன்றுதான். சவுக்குத் தோப்பை ஒரு தரகர் பேசி முடிப்பார். நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும். ஊராட்சியிடம் ஒப்புதல் வாங்கப்படும். ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகள் தமிழகம் எங்கும் பெருகின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அப்போதும் கோவளம் சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியேதான் இருந்தது. 2022இல் அந்த எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிக்கப்பட்டபோது இந்தக் கடலோரமும் உள்ளே வந்தது.

அலையிலிருந்து எத்தனை மீட்டர்

கடலோரத்தில் மனையின் மதிப்பை இறுதியாகத் தீர்மானிப்பது பத்திரம் அல்ல, உயர் ஓத வரையிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, அது எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடமின்றி வைத்திருக்கச் சொன்னார். அந்த எண்ணம் 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகச் சட்ட வடிவம் பெற்றது.

அதன்படி கிராமப்புறக் கடலோரங்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் வந்தன. உயர் ஓத வரையிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. 200 முதல் 500 மீட்டருக்குள் விடுதி கட்ட மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். மனை 0.4 எக்டேருக்குக் குறையக்கூடாது. எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பில் 0.33 மடங்கைத் தாண்டக்கூடாது. உயரம் 9 மீட்டர், அதிகபட்சம் இரண்டு தளம். இரண்டு விடுதிகளுக்கு நடுவே மக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக்கூடாது. கடலோர மணலுக்கு அடியில் உள்ள நன்னீர் மெல்லிய படலம்; அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் ஏறிவிடும், ஊர்க் கிணறுகளும் கெடும்.

1994இல் இந்த விதிகளைத் தளர்த்தச் செய்த திருத்தங்களில் சிலவற்றை 1996இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2011இல் புதிய அறிவிக்கை வந்தது. கட்டடம் தடுக்கப்பட்ட பகுதிக்குள் 100 முதல் 200 மீட்டர் வரை மீனவர் போன்ற மரபுவழிக் கடலோர மக்களின் வீடுகளுக்கு அது இடம் தந்தது. 2019 ஜனவரி அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் தடை 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற இடங்களில் 200 மீட்டர் நீடித்தது. ஆக, எந்த ஊர் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து 150 மீட்டர் அகலமுள்ள ஒரு நிலப்பட்டை ஒரே கையெழுத்தில் கட்டத்தக்கதாகிவிடும். ஆஸ்டெண்ட் காலத்தைப் போலவே இப்போதும் கரையின் விலை தொலைவிலுள்ள ஓர் ஆவணத்தில் தீர்மானமாகிறது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. வீடு, படகு, வலை இழந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் வேலையோடு நிலக் கேள்வியும் எழுந்தது. 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணை, 200 மீட்டருக்குள் வசித்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புதுவீடு தருவதாகவும், பழைய இடம் அரசைச் சேரும் என்றும் சொன்னது. போக மறுத்தவர்கள் இருந்த இடத்திலேயே தங்கலாம். ஆனால் வீடு கட்ட அரசின் உதவி கிடைக்காது. கரையை விட்டுத் தள்ளிப்போனால் கடலின் நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்துத் தொழிலுக்குப் போகும் வழக்கம் முறியும், காலி செய்த மணலில் விடுதிகள் வரும் என்பது சோழமண்டலக் கரை நெடுக மீனவர் அமைப்புகள் எழுப்பிய அச்சம். அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு முந்தைய முப்பது ஆண்டுக் கடலோர வரலாறே சான்று.

நகரத்தின் தேவைகளும் இங்கே வந்து சேர்ந்தன. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024இல் வந்தது. உப்பு, விறகு, ஓய்வு ஆகியவற்றோடு குடிநீரையும் சென்னை இந்தக் கரையிலிருந்து பெறத் தொடங்கியது.

அலையும் நீலக்கொடியும்

2010களில் கோவளத்தில் தோன்றிய வணிகம் முந்தையவற்றிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. முகத்துவாரத்தை ஒட்டி எழும் அலை அலைச்சறுக்குக்கு ஏற்றது. கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய மீனவ இளைஞர்கள் இந்த விளையாட்டை விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். 2012இல் அவர்களை மையமாகக் கொண்ட அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. 2013 முதல் போட்டிகளும் விழாக்களும் நடந்தன. பயிற்சியாளர், உயிர்காப்பாளர், உணவகப் பணியாளர் என்று குப்பத்தின் வீடுகளுக்குள்ளேயே வருமானம் வந்தது. இதற்குத் தேவைப்பட்ட கட்டடம் மிகக் குறைவு. கரையை வேலி போட்டு அடைக்க வேண்டிய தேவை அறவே இல்லை.

2021 செப்டம்பரில் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது; தமிழகத்தில் இதைப் பெற்ற முதல் கடற்கரை இதுவே. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு, நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிவு அகற்றல், விழிப்புணர்வு தொடர்பான 33 அளவுகோல்களைக் கொண்டு இதை வழங்குகிறது. கழிப்பறை, உடைமாற்றும் அறை, நடைபாதை, கண்காணிப்புக் கோபுரம் ஆகியவை அமைந்தன. அதே நேரம், கடற்கரையில் எந்தப் பகுதி வருகையாளருக்கு, எந்தப் பகுதி படகுக்கும் வலைக்கும் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் வந்தது. முன்பு முழுவதும் தொழில் தளமாக இருந்த கரைக்கு இது புதிது.

வாய்ப்பு யாருக்கு

மூன்று நூற்றாண்டுகளில் கோவளத்தில் போடப்பட்ட பெரிய முதல்களில் ஊர் மக்களின் கைக்கு நேராகப் பலன் தந்தவை சில மட்டுமே. துறையும் கோட்டையும் அரசியலில் அழிந்தன. உப்பின் ஆதாயம் அரசுக்கும் குத்தகைதாரருக்கும் போனது. சவுக்கும் மனையும் பட்டா வைத்திருந்தவர்களுக்குப் பயன்பட்டன. விடுதிகள் வேலை தந்தன, உடைமை தரவில்லை. நீடித்து நின்றவை ஆலயம், தர்கா, மீன்பிடித் தொழில் ஆகியவை. மூன்றுக்கும் கரை திறந்திருக்க வேண்டும்.

இப்போதுள்ள சட்டத்திலேயே ஊர் மக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், தங்கள் வீட்டின் பரப்பையும் அமைப்பையும் மாற்றாமல் விருந்தினர் தங்குமிடம் நடத்தக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இடம் தருகிறது. கடலோர நிலத்தில் முதல் போட எண்ணும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று ஆவணங்கள் அனைவருக்கும் பொது: ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடம், ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம், வருவாய்த் துறையின் நில வகைப்பாடு. மீனவர் படகு ஏற்றும் இடமும் கரைவலை இழுக்கும் இடமும் அந்தக் கடலோர மண்டல வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டு, குப்பத்து வீடுகளுக்குப் பட்டாவும் கிடைத்தால்தான் அடுத்து வரும் முதலீட்டில் ஊராருக்கும் பங்கு இருக்கும். அது இல்லாதவரை, கோவளத்தின் நில மதிப்பு உயர்வது கோவளத்தாரின் வளர்ச்சி ஆகாது.